சக்கரப் பலகை பேத நிர்ணயம்

பிடித்துக்கொள்ளக் கம்பியும், அமர ஆசனமும், நிறுத்த பிரேக்கும், திருப்பச் சுக்கானும் ஆகிய நான்கும் ஒருங்கே இல்லாதிருந்தும், ஏறியவனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பெருமை ஸ்கேட்போர்டுக்கு உண்டு. இவ்வாறு இன்மைகளாலேயே இலக்கணம் சொல்லத்தக்க ஒரு வஸ்துவில் வகை பேதங்கள் உளவோ, உளவெனில் அவை எதனைப் பற்றி எழுந்தவை என்பது, விளையாட்டுச் சாமான் கடைகளில் மைந்தரும் அவர்க்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்ட தந்தையரும் நெடுநேரம் தர்க்கித்தும் முடிவு காணாத விஷயமாதலின், அதனை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதற்கண் நீளவாதிகளின் கக்ஷியைக் காண்போம். 22 அங்குலப் பிளாஸ்டிக் பலகையாயின் அது 2010-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய பென்னி போர்டு. 31 அல்லது 32 அங்குலமாய், மேப்பிள் மரத்தின் ஏழு படலங்களை ஒட்டி அழுத்தி, இரு முனையும் மேல்நோக்கி வளைத்து, குச்சி ஐஸின் குச்சியைப் பெருக்கினாற்போல் செய்ததாயின் அது தெருவித்தைப் பலகை. 40 அங்குலத்தை ஒட்டியதாயின் அது லாங்போர்டு என்பர் இவர். கேட்க இனிதாயினும், 32 அங்குலத்திலேயே ஊர்சுற்றும் குரூஸர்களும் விற்கப்படுவதால், இந்த இலக்கணம் அதிவியாப்தி என்னும் குற்றத்துக்கு ஆளாகித் தள்ளுபடியாகிறது.

அடுத்து வருவோர் அபேதவாதிகள். பலகை எதுவாயினும் சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பேரிங்குகள் உண்டு என்றும், அவை பெரும்பாலும் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர் கொண்ட 608 என்னும் ஒரே இனம் என்றும், உள்ளிருந்து சுழல்வது ஒன்றேயாக வெளித்தோற்றத்தில் வேற்றுமை காண்பது மயக்கமே என்றும் இவர் வாதிப்பர். நார்வே அரசாங்கம் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டுகளுக்கு வகை பாராமல் தடை விதித்தபோது இச்சித்தாந்தம் ராஜமுத்திரையும் பெற்றது. இக்கக்ஷியைக் கண்டிக்க வாதம் வேண்டுவதில்லை; தெருவித்தைப் பலகையில் ஏறிச் சொரசொரப்பான தார் ரோட்டில் ஒரு பர்லாங் சென்றுவந்தால், பற்களே பேதத்துக்குச் சாட்சி சொல்லும்.

நமது சித்தாந்தமாவது: பேதம் பலகையில் இல்லை, சக்கரத்தில் உளது. 1960-களில் களிமண் கலவைச் சக்கரங்கள் வழங்கிய காலத்தில், சுண்டைக்காயளவு கல்லொன்று குறுக்கிட்டால் சக்கரம் நின்றுவிட, மேலே நின்றவர் மட்டும் நிற்காமல் பிரயாணத்தைத் தொடர்வது வழக்கமாயிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பார் பாலியூரிதேன் சக்கரத்தைக் கலிபோர்னியாவில் பிரசித்தம் செய்த பின்னரே, சக்கரம் கல்லோடு சமாதானமாய்ப் போகக் கற்றது. அச்சக்கரத்தின் கடினத்தை டியூரோமீட்டர் என்னும் கருவியால் அளந்து, 78ஏ, 99ஏ என்று பக்கத்தில் அச்சிடுவர். நூற்றோடு முடியும் அளவுகோலில் 101ஏ என்று அச்சிடும் வியாபாரிகளும் உளர். அவர்களது உற்சாகத்தை நாம் ஆட்சேபிப்பதில்லை.

99ஏ போன்ற கடினச் சக்கரம், 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டத்தோடு, வித்தை செய்வோர்க்கு உரியது. 1970-களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் கண்டதும், பின்னர் ராட்னி மல்லன் சமதரைக்குக் கொணர்ந்ததுமான ஆலி என்னும் தாவலில், பின்கால் வாற்பகுதியை ஓங்கி மிதிக்க, அது தரையில் அறைந்து எழ, முன்காலின் பக்கம் பலகைமேல் ஒட்டிய சொரசொரத்தாளை உராய்ந்து முன்னேறிப் பலகையை வானில் சமப்படுத்துகிறது. இவ்வளவுக்கும் எடை குறைந்த சிறு சக்கரமே வேண்டும். அங்கே பருத்த சக்கரத்தை அப்படியே மாட்டினால், உடல் சாயும்போது சக்கரம் பலகையின் அடிப்புறத்தைக் கடித்து நின்றுவிடும். விளைவு முற்கூறிய களிமண் யுகத்ததே.

78ஏ போன்ற மென்சக்கரமோ 60 மில்லிமீட்டருக்கு மேற்பட்டுப் பருத்து, சரளையையும் வெடிப்பையும் விழுங்கிச் செல்வதால், குரூஸருக்கும் லாங்போர்டுக்கும் உரியதாயிற்று. மலைச்சரிவில் இறங்கும் லாங்போர்டில் மாத்திரம், அச்சைத் தாங்கும் டிரக்கின் தன்மையையும் உடன் கருதவேண்டும். அது தளர்ந்திருக்குமாயின் வேகத்தில் பலகை இடவலமாக நடுங்கத் தொடங்கும், அப்போது உடற்பாரத்தை முன்காலுக்கு மாற்றுபவரே பிழைப்பர். இரண்டே சக்கரத்தில் நெளிந்தோடும் பலகையையும், மோட்டார் வைத்த பலகையையும் இவ்விசாரணையிலிருந்து விலக்குகிறோம். முன்னது வேறு குலம், பின்னது போக்குவரத்துப் போலீஸாரின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

சக்கரம் தானும் சுதந்திரமுடையதன்று. அதனைத் தீர்மானிப்பது தரையே. 1970-களின் நடுவில் கலிபோர்னியாவில் வறட்சி வந்து நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது, சுவர் ஏறிக் குதித்த இளைஞர்கள் அவற்றின் வளைந்த சரிவுகளில் ஓட்டியதனாலன்றோ, பின்னர் ஒலிம்பிக்கில் ‘பார்க்’ என்னும் தனிப் போட்டியாக வளர்ந்த வகை வலுப்பெற்றது!

ஆதலின் தந்தையர்க்கு நாம் சொல்வது இதுவே: அளவு நாடாவை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளை ஓட்டப்போகும் ரோட்டை முதலில் பார்த்து வருக. வழவழப்பான சிமெண்டுத் தரையாயின் 99ஏ. தார் ரோடாயின் 78ஏ. இரண்டுமல்லாமல் பள்ளங்களே ரோடாக இருக்குமாயின், ஒரு கால்பந்து வாங்கிக்கொடுப்பதே சாஸ்திர சம்மதம்.