தாழம்பூ சாட்சி சொன்ன டயட்

அளவுக் கணக்கில் முதன்முதலாகப் பொய் எழுதியவர் பிரம்மா. சம்பவம் நடந்த இடம் திருவண்ணாமலை.

யார் பெரியவர் என்று அவருக்கும் விஷ்ணுவுக்கும் தகராறு. நடுவே சிவன் நெருப்புத் தூணாக நின்று, அடியையோ முடியையோ பார்த்துவிட்டு வருகிறவரே பெரியவர் என்றார். விஷ்ணு பன்றியாகி மண்ணைக் குடைந்தார். பிரம்மா அன்னமாகிப் பறந்தார். ஜிம் இல்லாத காலத்தில் இருவருக்கும் நல்ல உடற்பயிற்சிதான். விஷ்ணு வேர்த்து விறுவிறுத்து மேலே வந்து, “நம்மால ஆகல” என்று கையை விரித்துவிட்டார். பிரம்மாவோ வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை மடக்கினார்.

“எங்கேருந்து வர்றே?”

“சிவன் தலையிலேருந்து. விழ ஆரம்பிச்சுப் பல யுகமாச்சு சாமி.”

“நல்லதாப் போச்சு. நான் உச்சியைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

பொய் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. சிவன் கோயில் கருவறையின் பின்சுவரில் நிற்கிறாரே லிங்கோத்பவர், அவர்தான் அந்தத் தீர்ப்பின் நகல்.

நெருப்பு ஆறி மலையானது. மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஆள் நடந்து முடித்தால் ஏறத்தாழ 700 கலோரி செலவாகும். ஆனால் பௌர்ணமி இரவில் வழியெல்லாம் அன்னதானம். சர்க்கரைப் பொங்கல், சாம்பார் சாதம், சுண்டல் என்று தொன்னை தொன்னையாக நீட்டுவார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? அக்னி லிங்கத்தில் எரிக்கத் தொடங்கியதைக் குபேர லிங்கம் வருவதற்குள் வட்டியோடு சேர்த்துவிடுவோம்.

வயிற்றின் மேல் நம் ஊரில் முதல் வழக்குப் போட்டவர் ஔவையார். பட்டினி போட்டாலும் கேட்காது, இரண்டு நாளுக்குச் சேர்த்துப் போட்டாலும் வாங்காது, இதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று ஒரு வெண்பாவில் பிராது கொடுத்தார். ரமணாசிரமத்தில் ஒரு சித்ரா பௌர்ணமி விருந்து. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நெளிந்துகொண்டிருந்தபோது ஒருவர் அந்தப் பாட்டை எடுத்துவிட்டார். ரமணர் வயிற்றுக்கு வக்கீலாக நின்று எதிர்ப்பாட்டுப் பாடினார். ஒரு நாழிகைகூட ஓய்வு கொடுக்காமல் அள்ளிப் போடுவது நீ, பழி மட்டும் எனக்கா என்று வயிறு உயிரைக் கேட்பதாகப் பாட்டு. எதிர்த்தரப்பில் பதில் இல்லை, ஏப்பம்தான் வந்திருக்கும்.

ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. அப்போது 16 வயது வேங்கடராமன். சோறு தண்ணி நினைப்பே இல்லாமல் பாதாள லிங்கச் சன்னதியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரை வெளியே தூக்கி வந்து அம்மன் அபிஷேகப் பாலைக் கொடுத்தார்கள். பால், தண்ணீர், மஞ்சள், சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்த அந்தத் திரவத்துக்கு எந்த டயட்டீஷியனாலும் கலோரி சொல்ல முடியாது.

அதே 1896இல் அமெரிக்காவின் மிடில்டவுனில் வில்பர் அட்வாட்டர் என்ற பேராசிரியர் ஓர் ஆளைப் பெட்டிக்குள் அடைத்தார். உள்ளே போன சாப்பாடு, வெளியே வந்த கழிவு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார். இங்கே ஒருவர் கணக்கையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே மூச்சு விட்டாலும் கணக்கு. அட்வாட்டர் சொன்னதைத்தான் இன்றும் பாக்கெட்டுகளில் அச்சடிக்கிறார்கள்: மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9.

அந்த 9ஐ எடுத்துக்கொண்டு கார்த்திகை தீபத்துக்குப் போவோம். கொப்பரைக்கு 3,500 கிலோ நெய் என்றால் மூன்று கோடி கலோரிக்கு மேல். தினம் 1,760 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 49 வருஷச் சாப்பாடு. அண்ணாமலையார் அதைப் பதினோரு நாளில் எரித்துவிடுகிறார். நமக்கு அந்த வளர்சிதை மாற்றம் வாய்க்கவில்லை.

1,760 எங்கிருந்து வந்தது? 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரத்திலிருந்து. எடையை 10ஆல், சென்டிமீட்டர் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டவும். பெண் என்றால் 161 கழிக்கவும். (பிரம்மா போட்டுப் பார்க்க வேண்டாம், அவர் வயதுக்கு விடை மைனஸில் போகும்.) 80 கிலோ, 170 சென்டிமீட்டர், 45 வயது ஆண் சும்மா படுத்திருந்தாலே 1,640 செலவு. கொஞ்சம் நடமாடுகிறவர் என்றால் 1.375ஆல் பெருக்க, சுமார் 2,260. அதில் 500 குறைத்தால் 1,760. வாரத்துக்கு அரைக் கிலோ குறையலாம். எடை இறங்க இறங்க உடம்பும் செலவைச் சுருக்கும். ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போகக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கணக்கு இவ்வளவுதான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். தகராறு சாட்சியில். 1992இல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்கவே இல்லை என்று சொன்னவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் சாப்பாட்டைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே சொன்ன பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு தாழம்பூ உள்ளேயே இருக்கிறது. நின்றுகொண்டே சாப்பிட்ட வடையும், குழந்தை மிச்சம் வைத்த தோசையும் கணக்கில் வராது என்று அது சத்தியம் செய்யும்.

அடியைக் காணவில்லை என்று தோல்வியை ஒப்புக்கொண்டவருக்கு 108 திவ்ய தேசம். முடியைக் கண்டதாக அளந்துவிட்டவருக்குக் கோயில் கிடைப்பதே அபூர்வம். இன்று ராத்திரி நோட்டைத் திறக்கும்போது தொன்னையையும் சேர்த்து எழுதுங்கள்.