மாப்பிள்ளை முறுக்கின் ஆயுள்

மதுரையில் வளர்ந்தவனுக்கு மாப்பிள்ளை முறுக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெண் வீட்டுக்குப் போனால் நாற்காலியில் உட்கார வேண்டும். தண்ணீர் கேட்கக் கூடாது, தானாக வர வேண்டும். குழம்பு அருமையாக இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. என் மாமாக்களும் சித்தப்பாக்களும் இந்த விரதத்தைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் விடவில்லை. நான் திருவனந்தபுரத்தில் பெண் எடுத்தேன். என் முறுக்கு மாசியைத் தாண்டவில்லை.

ஆனியில் கல்யாணம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடி. மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார்: “ஆடி பொறக்கப் போகுதுப்பா. அவளை அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுரு.” ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்பது பெரியவர்களின் கணக்கு. நாங்கள் குடியிருப்பது கரமனை. மாமனார் வீடு பேட்டை. எங்கள் பிரிவுத் துயரம் ஓர் ஆட்டோ சவாரி தூரம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நானும் அங்கேயே போய்விட்டதால், அந்த ஆடி முழுக்கத் தனிமையில் வாடியது எங்கள் ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

ஆடிச்சீராக ஒரு பட்டு வேட்டியாவது வரும் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கோ அது கர்க்கிடகம். மழை விடாமல் கொட்டும், நல்ல காரியம் எதுவும் வைக்கமாட்டார்கள். விளக்கேற்றி ராமாயணம் வாசிப்பார்கள். உடம்பைத் தேற்ற மருந்துக் கஞ்சி குடிப்பார்கள். ஞவரை அரிசியும் வெந்தயமும் ஏதேதோ பச்சிலைகளும் சேர்த்துக் காய்ச்சியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மாமியார் நீட்டினார். “குடிச்சோ மோனே, வாதத்துக்கு நல்லதா.” ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடிக்கச் சொல்லும் பழமொழி நம்மிடம் உண்டு. அழைத்துக் கசப்புக் கஞ்சி கொடுக்கும் மாமியாரை என்ன செய்வது என்று எந்த முன்னோரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. குடித்தேன்.

ஆவணியில் ஓணம். திருவனந்தபுரத்து ஓண இலையில் போளி இல்லாமல் பாயசம் இல்லை. நம் ஊரில் போளியைக் கையில் பிடித்துக் கடிப்போம். இங்கே அதை இலையில் போட்டு, மேலே பாயசத்தை ஊற்றி, பிசைந்து வழித்துச் சாப்பிட வேண்டும். ஊற்றிய வேகத்தில் பாயசம் என் புது வேட்டியை நோக்கிப் புறப்பட்டது; பக்கத்தில் இருந்த மாமனார் தன் போளியைப் பிய்த்து அணை கட்டினார். அந்த நன்றியுணர்ச்சியோடு கை கழுவப் போனவனிடம் மைத்துனன் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டான். அடுத்த பந்திக்கு ஆள் போதவில்லையாம். மதுரையில் இது பஞ்சாயத்து வரை போகும்.

ஐப்பசியில் தலைதீபாவளிக்கு அம்மா போனிலேயே நீளமான பட்டியல் சொல்ல, மாமனார் அதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். விடிகாலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் தலைமாட்டில் நின்று, “அடுத்தது எந்தா மோனே?” என்று பட்டியலைப் பார்த்தபடியே கேட்டார். எழுந்த கொஞ்சநஞ்ச முறுக்கும் பத்மநாபசுவாமியின் ஐப்பசி ஆறாட்டில் போயிற்று. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகும் வழி விமான நிலையத்தின் ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது. 1932-இல் வந்த விமான நிலையத்தை விட அந்த வழி பழையது. அதனால் சில மணி நேரம் விமானங்கள்தான் காத்திருக்கின்றன. அரச குடும்பத்தின் மூத்தவரே கையில் வாளோடு நடந்து போகிறார். அப்படிப்பட்ட ஊரில், கால் வலிக்கும், கார் எடுக்கலாமா என்று ஒரு மாப்பிள்ளை எப்படிக் கேட்பான்? நடந்தேன்.

பண்டிகை இல்லாத நாட்களில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள் அது; உள்ளே போனால் தரை நம்மைச் சுற்றிச் சுற்றி மேலே அழைத்துப் போகும். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறவரின் மிடுக்கைப் பார்த்தால் எந்த மாப்பிள்ளைக்கும் கூச்சம் வரும். மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும். அந்தச் சிவப்பு மசாலா அவளுக்கு, மொறுமொறு ஓரம் எனக்கு. சண்டை போட்டுக்கொண்டு போன நாட்களிலும் இந்தப் பங்கீடு மட்டும் மாறியதில்லை.

பிறகு மாசி. பூரம் நட்சத்திரத்தில் ஆற்றுகால் பொங்காலை. 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. ஆற்றுகால் எங்களுக்குப் பக்கம் என்பதால், மாமியாரின் சொந்தபந்தம் முழுக்க முதல் நாளே எங்கள் வீட்டில் இறங்கிவிட்டது. தலைக்கு மூன்று செங்கல், ஒரு பானை, அரிசி, வெல்லம், தேங்காய், எரிக்கக் காய்ந்த பாளை. அடுப்பு மூட்டப் பெண்களுக்கு மட்டுமே உரிமை. சுமக்கும் உரிமையை ஆண்களுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நடையில் நான் இடுப்பைப் பிடித்தபோது மனைவி சொன்னாள்: “ஆற்றுகாலம்மை யாருன்னு தெரியுமா சேட்டா? கண்ணகி. உங்க மதுரையை எரிச்சிட்டு இந்த வழியா வந்தவ. உங்க பாண்டிய ராஜா செஞ்ச காரியத்துக்கு நீங்க கல்லாவது சுமக்கணும்.”

வரலாறு இப்படி ஆட்டோவில் ஏறி வீடு தேடி வரும் என்று யார் கண்டது? கோயிலில் தோற்றம் பாட்டில் கண்ணகி கதையைப் பாடுகிறார்கள். அதில் பாண்டியன் சாகும் கட்டம் வந்ததும் கோயில் அடுப்பில் தீ வைக்கிறார்கள். அங்கிருந்து தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, தெருத்தெருவாக ஓடி, கரமனை வரை வந்து சேர்ந்தது. எங்கும் குரவையொலி. என் ஊர் ராஜா செத்ததற்கு ஊரே குலவையிடும்போது, ஒரே மதுரைக்காரன் எங்கே போய் நிற்பான்? மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றப் போனேன். சாயங்காலம் பாட்டி ஒருத்தி வாழையிலைத் துண்டில் தெரளியப்பம் வைத்து நீட்டி, மாமியாரிடம், “இந்தப் பையனுக்கு மாசச் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டார். மாமியார், “சம்பளம் கிடையாது, மருமகன்” என்றார்.

சித்திரையில் மீனாட்சி கல்யாணத்துக்கு மதுரை போனோம். பேருந்தில் என் சுமைதூக்கும் சரித்திரத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டுவிட்டு, “ஆனி மாசம் உங்க வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலே எனக்குக் கொடுத்தது நாற்காலி இல்லை, தேங்காய்த் துருவி” என்றாள். திருமங்கலம் தாண்டும் வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வீட்டில் அன்றைக்குப் பந்தி. சாப்பிட்டு முடித்ததும் என் இலையை நானே எடுத்தேன். அப்பாவின் இலையையும் எடுத்தேன். பிறகு ரச வாளியைக் கையில் எடுத்ததும் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, “என்னம்மா ஆச்சு இவனுக்கு? நல்லாத்தானே இருந்தான்?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல அத்தை” என்றாள் அவள். “எங்க ஊர்லே அம்மன் அருள்.”