இரண்டு வாரத் தியாகி

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் இவரைக் கண்டுபிடிப்பது எளிது. யானைப் படம் அச்சிட்ட தொளதொள பேண்ட், கழுத்தில் கட்டம்போட்ட உள்ளூர்த் துண்டு, எவ்வளவு தேய்த்தும் மூக்கு நுனியில் கரையாமல் நிற்கும் வெள்ளைக் களிம்பு. அங்கோர் வாட் பார்க்க வந்தவர்களும் இதே கோலத்தில்தான் திரிவார்கள். ஆனால் அவர்களிடம் “சுற்றுலாவா?” என்று கேட்டால் “ஆமாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவரிடம் கேட்டால் முகம் சுண்டிப்போகும். “இல்லையில்லை, குழந்தைகளுக்குச் சேவை செய்ய வந்திருக்கிறேன்” என்பார். இரண்டு வாரத்துக்கு என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார்.

ஊர் மெல்பர்னோ மான்செஸ்டரோ. வயது பெரும்பாலும் பத்தொன்பது. பணி ஓய்வு பெற்ற பிறகு கிளம்பி வரும் ரகமும் உண்டு. அவர்களுக்கு முழங்கால் வலி கூடுதல், மற்றதெல்லாம் ஒன்றுதான். தியாகம் ஊரிலேயே தொடங்கிவிடும். கேக் சுட்டு விற்பார், அரை மாரத்தான் ஓடுவார், அத்தை மாமா எல்லாரிடமும் உண்டியல் நீட்டுவார். அப்படிச் சேர்ந்த பணம் விமானத்துக்கும், தங்குமிடத்துக்கும், ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும். அந்தத் தொகையில் உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாமே என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. சொன்னாலும் பயனில்லை. உள்ளூர் ஆசிரியரால் மெல்பர்னிலிருந்து வர முடியாதல்லவா?

அனாதை இல்லத்தின் வாசலில் இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கின்றன. நம் தியாகிக்குக் கண் கலங்கிவிடுகிறது. தன் முகத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறார். போன திங்கட்கிழமை இறங்கியவரையும் பிள்ளைகள் இப்படித்தான் கட்டிக்கொண்டன, அதற்கு முந்தைய திங்கட்கிழமைக்காரரையும் அப்படித்தான். நம் தியாகியின் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் நடுவே வேலை பார்க்க வேண்டுமென்றால் பின்னணி விசாரித்துச் சான்றிதழ் தருவார்கள். இங்கே ஒரு புன்னகை போதும், கதவு திறந்துவிடும்.

மறுநாள் ஆங்கில வகுப்பு. கரும்பலகையில் ஏ, பி, சி எழுதுகிறார். வகுப்பு பொறுமையாகச் சேர்ந்து சொல்கிறது. இந்த மாதத்தில் அவர்கள் இசட் வரை இரண்டு முறை போய்வந்துவிட்டார்கள். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் ஏ-யிலிருந்துதான் தொடங்குகிறார்; அதற்கு அப்பால் எப்படிக் கற்பிப்பது என்பது அவருக்கும் தெரியாது. பிறகு தலை, தோள், முழங்கால் என்று தொட்டுப் பாடும் அந்தப் பாட்டு. இவர் நடுவில் தடுமாற, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்துவந்து, “டீச்சர், இப்போது முழங்கால்” என்று கையைப் பிடித்து வைத்துக் காட்டுகிறாள். அவளுக்கு ஏழு வயது, ஆனால் இந்தத் தொழிலில் அனுபவசாலி. எந்த டீச்சருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, எவர் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் படுப்பார், எவரை மடியில் ஏறிச் சிரிக்கவைத்தால் பலூன் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மாலையில் சுவருக்கு வர்ணம். சுவர் ஏற்கெனவே நீலமாகத்தான் இருக்கிறது. அதன் மேல் மஞ்சள் அடிக்கிறார். அடியில் பச்சையும் இருக்கும், சுரண்டிப் பார்த்தவர் யாருமில்லை. இப்படியே போனால் வர்ணத்தின் கனத்திலேயே அறை குறுகிவிடும் என்பது என் கணிப்பு. இருட்டியதும் பப் ஸ்ட்ரீட் என்ற மதுக்கடைத் தெருவில் மலிவு பீர். அங்கே அமர்ந்து, இவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சி பாருங்கள் என்று சக தியாகிகளோடு வியப்பது தினசரி வழிபாடு.

குழப்பம் ஏப்ரல் நடுவில் வருகிறது. நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் கம்போடியாவின் கெமர் மக்களுக்கும் புத்தாண்டு. காலையில் போனால் இல்லம் காலி.

“பிள்ளைகள் எங்கே?”

“புத்தாண்டு இல்லையா, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்” என்கிறார் சமையல்காரப் பெண்மணி.

“அனாதைகள் எப்படி அம்மா வீட்டுக்கு...?”

“பஸ்ஸில்தான்.”

அவர் தமாஷ் செய்யவில்லை. 2005இலிருந்து 2010க்குள் கம்போடியாவில் இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகி 269 ஆயின. அரசு நடத்தியவை அவற்றில் 21 மட்டுமே. போர் முடிந்து அமைதி திரும்பி, அனாதைகள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. பெருகியது தியாகிகள்தான். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று சொன்னால் ஏழைத் தாய் பிள்ளையை அனுப்பிவைப்பாள். பிள்ளை இருந்தால் வெளிநாட்டார் வருவார்கள். வெளிநாட்டார் வந்தால் டாலர் வரும். 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு நவீன அடிமைமுறையை விசாரித்தபோது, இந்த வணிகத்தையும் அதில் சேர்த்தே பேசியது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று பிரசாரம் தொடங்கிவிட்டது. கண்ணாடிப் பேழைக்குள் பிள்ளைகள், சுற்றி நின்று படம் எடுக்கும் பயணிகள்: இதுதான் அதன் சுவரொட்டி. தியாகி அந்தச் சுவரொட்டியையும் படம் எடுத்துக்கொண்டார்.

உண்மையிலேயே கொடுக்க நினைப்பவருக்கு சியெம் ரீப்பிலேயே வழி இருந்தது. அங்கே பேயாட் ரிச்னர் என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் ஒருவர் இருந்தார். 2018இல் மறைந்தார். கந்தா போபா மருத்துவமனைகளைக் கட்டி, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச சிகிச்சை தந்தவர். சனிக்கிழமை மாலைகளில் செல்லோ வாசிப்பார். வாசித்துவிட்டு, இளைஞர்கள் ரத்தம் கொடுங்கள், வயதானவர்கள் பணம் கொடுங்கள், நடுவயதுக்காரர்கள் இரண்டும் கொடுங்கள் என்று நேராகக் கேட்பார். மடியில் தூக்கிக் கொஞ்சப் பிள்ளை ஒன்றும் தர மாட்டார். ஊசி குத்திக்கொண்டு ஒரு மூலையில் படுத்துக்கிடக்க வேண்டும். நம்மவருக்கு அன்று மாலை பப் ஸ்ட்ரீட்டில் வேலை இருந்தது.

விடைபெறும் நாளில் தேம்பித் தேம்பி அழுகிறார். பிள்ளைகளும் முறையாக அழுகின்றன. அடுத்த வண்டி நான்கு மணிக்கு வருகிறது என்பதால் சீக்கிரமே முடித்துக்கொள்கின்றன. ஊருக்குப் போனதும் உண்டியலில் போட்டவர்களைக் கூட்டி, திரையில் படங்கள் போட்டுக் காட்டுகிறார். நான் கொடுத்ததைவிடப் பெற்றதுதான் அதிகம் என்று குரல் தழுதழுக்கச் சொல்கிறார். ஒரு பெரியப்பா மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டுகிறார், அவர் கணக்காளர்.

அடுத்த ஆண்டு கோஸ்டா ரிகாவில் கடலாமைக் குஞ்சுகளைக் காப்பாற்றப் போகிறாராம். முன்பணம் கட்டியாயிற்று, கேக் விற்பனை ஞாயிற்றுக்கிழமை.