தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கலை

நிண்டெண்டோ நிறுவனம் 2001 மார்ச்சில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவி வீடியோ கேம் ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கும் ஐபாடை அறிமுகப்படுத்தியதால், பாட்டுக் கேட்க விரும்பியவர்களுக்கும் வழி இல்லாமல் போய்விடவில்லை. ஆயினும், பாடும் கருவியைக் கொடுத்தால் அதில் விளையாட முடியுமா என்றும், விளையாடும் கருவியைக் கொடுத்தால் அதைப் பாடவைக்க முடியுமா என்றும் பார்க்காமல் தூக்கம் வராத ஒரு பிரிவினர் மனித குலத்தில் உண்டு. ‘இது எதற்கு?’ என்று கேட்டால் ‘இது எப்படி’ என்று விளக்கத் தொடங்குவது இவர்களின் முதன்மை அடையாளமாகும். கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் உரிமமோ ஊக்கமோ இல்லாமல், பெரும்பாலும் ஊதியமும் இல்லாமல், ஆர்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதும் இத்தகைய நிரல்கள் ஹோம்ப்ரூ எனப்படும். அவற்றுள் கேம் பாய் அட்வான்ஸைப் பாடவைத்த ஜி.எஸ்.எம். பிளேயர் தனி ஆய்வுக்குரியது.

காதுக்கு எட்டாத பகுதிகளைக் கணக்கிட்டு நீக்கிப் பாடலைச் சுருக்கும் எம்.பி.3 முறையில், சுருக்கியதை மீண்டும் விரிப்பதற்கும் ஏராளமான கணக்குப் போட வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 1.68 கோடித் துடிப்புகளே கொண்ட இக்கருவியின் செயலிக்கோ அந்தக் கணக்கிலேயே மூச்சு வாங்கிவிடும். ஆகவே நிரலாளர் நாடியது, செல்போன் பேச்சைச் சுருக்குவதற்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ஜி.எஸ்.எம். கோடெக்கை. கோடெக் என்பது ஒலியைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் விதிமுறையாகும். 20 மில்லிநொடிப் பேச்சுக்குரிய 160 ஒலி மாதிரிகளை 33 பைட்டுக்குள் அடைத்துவிடும் இந்தக் கோடெக்கின் சிக்கனம், உலகில் எழும் ஒலி யாவும் மனிதத் தொண்டையிலிருந்தே எழுகின்றன என்ற அதன் அசைக்க முடியாத நம்பிக்கையிலிருந்து பிறந்தது. கிதாரும் அதற்குத் தொண்டை, முரசும் தொண்டை, நாற்பது வயலின்கள் சேர்ந்து வாசித்தால் அதுவும் ஒரே தொண்டை.

மேலும், இது நொடிக்கு 8,000 மாதிரிகளுக்கு என வகுக்கப்பட்டதாகையால், நேர்மையாகப் பயன்படுத்தினால் எந்தக் கச்சேரியும் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருக்கும்போது ஒலிக்கும் இசையாகவே வந்து சேரும். எனவே நேர்மை கைவிடப்பட்டது. நொடிக்கு 18,157 மாதிரிகளாக எடுத்த பாட்டை, 8,000 மாதிரிகள் கொண்டது எனப் பொய் சொல்லி, அதாவது ஒரு நொடிப் பாட்டை இரண்டேகால் நொடிப் பேச்சு என்று நம்பவைத்துக் கோடெக்கிடம் ஒப்படைத்து, கருவியில் அதே விகிதத்தில் விரைந்து ஓட்டினால் பாட்டு இயல்பான வேகத்துக்குத் திரும்பிவிடும். 18,157 என்ற எண்ணும் சோதிடர் குறித்துக் கொடுத்ததன்று; திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் இடைவெளியில் சரியாக 304 மாதிரிகளும், மாதிரி ஒன்றுக்குச் செயலியின் 924 துடிப்புகளும் மிச்சமின்றிப் பொருந்துவதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவ்வாறு, கருவியில் செருகும் 32 மெகாபைட் கார்ட்ரிட்ஜில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பாட்டு, ஸ்டீரியோ என்னும் ஆடம்பரம் இன்றி, அடங்கிவிடும்.

உரிமம் பெறாத இந்நிரல் கருவிக்குள் நுழையும் விதமும் குறிப்பிடத்தக்கது. கருவியை இயக்கியவுடன் அது கார்ட்ரிட்ஜின் தலைப்பகுதியில் 156 பைட் அளவில் நிண்டெண்டோவின் முத்திரைச் சித்திரம் இருக்கிறதா என்று பார்க்கும். ஒரு புள்ளி பிசகினாலும் மேற்கொண்டு நகராது. ஆகையால், கல்யாண வீட்டுக்காரரின் படத்தையே சட்டையில் குத்திக்கொண்டு பந்தியில் அமரும் அழையா விருந்தாளியாக, ஹோம்ப்ரூ நிரல் ஒவ்வொன்றும் தனக்கு அனுமதி தராத நிறுவனத்தின் முத்திரையைத் தலையில் சுமந்துகொண்டே உள்ளே போகிறது.

பயனருக்குரிய கடமைகளும் சிலவல்ல. பாடல்களை ஒவ்வொன்றாக மாற்றி, அனைத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி, அக்கட்டைக் கணினியின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி நிரலின் வாலில் ஒட்டி, ஒட்டியதை வெற்றுக் கார்ட்ரிட்ஜில் எழுத வேண்டும். ஒரு பாட்டு சலித்துப்போய் நீக்க நினைத்தால், கட்டுவதிலிருந்து எழுதுவதுவரை மீண்டும் செய்ய வேண்டும். 2003-இல் வெளியான எஸ்.பி. என்னும் மடிப்பு வகையை வைத்திருப்போருக்குக் கூடுதல் பேறு ஒன்றும் உண்டு: அதில் ஹெட்போன் துளையே கிடையாது. சார்ஜ் ஏற்றும் துளையில் பொருந்தும் இணைப்பு ஒன்றைத் தனியே வாங்கினால்தான் காதுக்கு வழி பிறக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கேட்கப்படுவது, பொதுவாக, முதற்பாட்டின் முதல் இருபது நொடிகளே. பாடகரின் குரல் ஓரளவு தெளிவாக வரும். சிம்பல் என்னும் வெண்கலத் தட்டின் ஓசையோ, தொண்டையிலிருந்து வந்திருக்கக்கூடிய ஓசையாகத் திருத்தப்பட்டே வெளிவரும். ‘இந்தக் கருவிக்கு இது பரவாயில்லை’ என்பது இத்துறையின் உச்சப் பாராட்டாகையால், ஆர்வலர் அதைத் தமக்குத்தாமே வழங்கிக்கொண்டு, முகம் மலர்ந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அடுத்த கட்டைக் கட்டக் கணினிக்குத் திரும்புவார். பாட்டு இங்கே வேலையின் நோக்கமன்று, வேலை முடிந்தது என்பதற்கான ரசீது மட்டுமே என்பது இதனால் விளங்கும்.

இந்நிலையில் 2005-இல் நிண்டெண்டோ நிறுவனமே பிளே-யான் என்னும் கார்ட்ரிட்ஜை ஜப்பானில் வெளியிட்டது. எஸ்.டி. அட்டையில் எம்.பி.3 பாடல்களைப் போட்டுச் செருகினால் போதும். ஹெட்போன் துளைகூட அந்தக் கார்ட்ரிட்ஜிலேயே இருந்தது. கட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், யாரிடமும் பொய் சொல்லவும் வேண்டாம். பொருளியல் நூல்களின்படி ஹோம்ப்ரூ இசைநிரல்கள் அத்துடன் வழக்கொழிந்திருக்க வேண்டும். கேம் பாயைப் பாடவைக்கும் நிரல்களோ இன்றளவும் எழுதப்படுகின்றன. தேவை என்று ஒன்று இருந்தால் அதை நிறைவேற்றிக் கடையடைத்துவிடலாம். தொடக்கத்திலிருந்தே இல்லாத தேவையை எந்தக் கடைச்சரக்கைக் கொண்டு நிறைவேற்றுவது?