சொந்த மரத்துப் பழத்தில் சுகர் ஏறாமல் இருக்கச் சில எளிய வழிகள்

அலங்காநல்லூர்ப் பக்கம் கொல்லையில் நாலு மாமரமும், ரத்தத்தில் கொஞ்சம் சர்க்கரையும் உள்ள அன்பர்களுக்கு இந்தக் குறிப்புகள். நம் ஊர்க் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்று சில வருஷமாகிறது. அந்தக் குறை தெரியாமல் நம் உடம்பு பார்த்துக்கொள்கிறது. கூச்சமும் வேண்டாம். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாடு முழுக்க 10 கோடிப் பேர் நம் ஜாதிதான்.

முதலில் பழம் யார் மரத்தது என்று விசாரியுங்கள். காசு கொடுத்து வாங்கியதில்தான் சர்க்கரை இருக்கும். கொல்லையில் தானாக விழுந்ததில் எப்படி இருக்கும்? என் மாமா இதை விஞ்ஞானமாகவே விளக்குவார்: "நம்ம பழத்துக்குக் கார்பைட் கல்லே வைக்கிறதில்ல மாப்ள. அப்புறம் கார்போ எங்கிட்டிருந்து வரும்?" இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

கணக்கு வேண்டும் என்று அடம்பிடிக்கும் டாக்டர் வாய்த்துவிட்டால், 'கீத்து' என்ற அளவையைப் பயன்படுத்துங்கள். "ஒரு கீத்துதான் சாப்பிட்டேன்" என்பது எப்போதும் உண்மை. கத்தி பிடிப்பவர் மனசைப் பொறுத்து ஒரு கீத்து விரல் அகலமும் இருக்கலாம், அரைப் பழமாகவும் இருக்கலாம்.

தராசு மட்டும் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கிக் கெட்டேன். ஒரு கல்லாமை 410 கிராம் நின்றது. தோலும் கொட்டையும் போகச் சதை 270. மாம்பழச் சதை 100 கிராமில் சுமார் 15 கிராம் கார்போ. ஆக ஒரே பழத்தில் நாற்பது கிராம். நாலைந்து இட்லி தின்றதற்குச் சமம், அதுவும் சட்னி இல்லாமல். போதாததற்குக் கொட்டையைச் சப்புவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தேன். 22 கிராம் வித்தியாசம். மூணு கிராம் கார்போ, எந்தக் கணக்கிலும் வராமல் இத்தனை வருஷம் உள்ளே போயிருக்கிறது.

காயாகத் தின்றால் பரவாயில்லை என்பவர்களுக்கு: மாங்காயில் இருக்கிற மாவுச்சத்துதான் பழுக்கும்போது சர்க்கரையாகிறது. நீங்கள் நிம்மதியாக உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக்கொள்ளுங்கள். கொய்யா கொஞ்சம் யோக்கியமான பழம். 100 கிராமில் 14 கார்போ என்றாலும் அதில் ஐந்து நார்ச்சத்து. சப்போட்டா 20. அதைப் பற்றி மேலே பேசாமல் இருப்பது நல்லது. நாவல் பழம் மருந்து என்பதால் படிக்கணக்கில் தின்னலாம் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. அதைச் சொல்பவர் வீட்டில் பெரும்பாலும் நாவல் மரம் இருக்கும்.

வாடிவாசலுக்கு மாடு வளர்ப்பவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். பருத்திக்கொட்டை இவ்வளவு, பேரீச்சம்பழம் இத்தனை என்று காளைக்கு எண்ணி வைப்பார்கள். தினம் நடை, நீச்சல், மண் குத்தல். தை பிறந்தால் அந்தக் கணக்கு இன்னும் கறாராகும். அப்படி எண்ணி வைத்த கையாலேயே ரெண்டு பழத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வார்கள், எண்ணாமல்.

ஒரே ஒரு இடத்தில் வேடிக்கையை நிறுத்திக்கொள்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பழத்துக்காக டோஸை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

கடைசியாக, எனக்குப் பலமுறை கைகொடுத்த வழி. மாம்பழம் அரிந்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தி மீட்டரில் வையுங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறே எண்ணை ஏற்றிக் காட்டும், இது நிஜம். வீட்டில் யாராவது திட்ட வாயெடுத்தால் உடனே, "கையில பழம் பட்டிருச்சு" என்று சொல்லிவிடலாம். போன வைகாசியில் எனக்கு 312 காட்டியது. சொன்னேன். அதற்குள் என் மனைவி சோப்பும் செம்புத் தண்ணீருமாக வந்துவிட்டாள். நன்றாகக் கழுவி, துண்டால் துடைத்து, வேறு விரலில் குத்தினாள்.

298.