சாந்தி என்று பெயர் வைக்காதீர்கள்

முதலில் செருப்பை எடுத்துப் பரண்மேல் வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வைத்தாயிற்றா? நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்ட மறுநாள், பால் பாக்கெட் தேடிக் கிளம்பினேன். பாரிவாக்கம் சிக்னல் தாண்டி ஒரு எம்சாண்ட் குவியல். சுற்றிலும் முழங்கால் தண்ணீர். குவியலின் உச்சியில் நனைந்த கரித்துணி ஒன்று கிடந்தது. கரித்துணி வாலாட்டியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்குப் பால் கிடைக்கவில்லை; அதற்குப் பிறகு வாங்கிய பாலிலும் பாதி எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த அனுபவத்தில் எழுதும் வழிகாட்டி இது. தெருவில் தவித்த குட்டியைப் பாவம் என்று தூக்கி வந்துவிட்டு, மூன்றாம் மாதம் “ஏன் சார் இது ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்குது?” என்று கேட்பவர்களுக்கு மட்டும். பக் வளர்ப்பவர்கள் பக்கத்தைத் திருப்பலாம். உங்கள் பிரச்சினை குறட்டை. அது வேறு துறை.

பெயரிலிருந்து தொடங்குவோம். சாந்தமான பெயர் வைத்தால் சாந்தமாக வளரும் என்றார் என் மாமியார். சாந்தி என்று வைத்தோம். எதிர் வீட்டு அக்காவுக்கும் அதே பெயர் என்பது எங்களுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்றுகொண்டு, “சாந்தி, குப்பையில வாய் வைக்காத! சாந்தி, கண்டவன் பின்னாடியெல்லாம் ஓடாத!” என்று ஒரு வாரம் கத்தினேன். எட்டாம் நாள் அந்த அக்காவின் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “சார், கொஞ்சம் பேசணும்” என்றார். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் சாந்தி அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். ஆகவே பெயர் வைக்கும் முன் தெருவில் ரேஷன் கார்டு கணக்கெடுப்பு ஒன்று நடத்திவிடுங்கள். ஜிம்மி, டைகர் என்று நம் பெரியவர்கள் வைத்துக்கொண்டிருந்தது கற்பனைப் பஞ்சத்தால் அல்ல.

அடுத்து, ஜாதி. நாயோடு வாசலைத் தாண்டினால் முதல் கேள்வியே “என்ன ஜாதி சார்?” என்பதுதான். மனுஷனிடம் ஊர் எது, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்பதை நாய் விஷயத்தில் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். “நாட்டுநாய்” என்றால் முகம் சுருங்கும். சாந்தியின் நீளக் காலையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்து, டீக்கடை அண்ணன்தான் “அப்பன் சிப்பிப்பாறையா இருக்கும்ணே” என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து மரியாதை கூடியது. ராஜபாளையத்துக்கு 2005ல் தபால்தலையே வந்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்கும் சாந்திக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. டீ ஆறிவிடும்.

ஆனால் அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சிப்பிப்பாறை என்பது தென்மாவட்டத்து வறண்ட காட்டில் முயல் விரட்டவென்றே வளர்த்த இனம். அந்த ரத்தம் கால்வாசி இருந்தாலும் போதும்: அறுநூறு சதுர அடி வீட்டில் முயல் இல்லாவிட்டால் சோபாவை விரட்டும், தலையணையைப் பிடிக்கும், பிடித்ததன் குடலை உருவி ஹால் முழுக்கப் பரப்பும். பஞ்சைப் பொறுக்கும்போது அதைத் திட்டாதீர்கள். அது வேலையை முடித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருக்கிறது.

சரி, எப்படி அடக்குவது? எல்லாரும் சொல்லும் வழி, “நல்லா ஓடவிடுங்க, களைச்சுப் படுத்துடும்.” நானும் நம்பினேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து பாரிவாக்கம் ஏரிக்கரையில் அவளோடு ஓடினேன். முதல் வாரம் ஒரு கிலோமீட்டரில் அவளுக்கு நாக்குத் தொங்கியது. ஒரு மாதத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடியும் நாக்கு உள்ளேயே இருந்தது, தொங்கியது என்னுடையது. யோசித்துப் பார்த்தால், தினமும் பயிற்சி கொடுத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு, ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனையை உருவாக்கி, வீட்டுக்குள் கொண்டுவந்து அடைத்திருக்கிறேன்.

காலை விட்டுவிட்டு மூக்குக்கு வேலை கொடுங்கள். இந்த வழிகாட்டியில் உருப்படியான வரி இது ஒன்றுதான். மற்றதை மறந்தாலும் பாதகமில்லை. மோப்பத்துக்கு நமக்கு இருப்பது ஐம்பது, அறுபது லட்சம் ஏற்பிகள். நாய்க்கு முப்பது கோடி வரைக்கும் சொல்கிறார்கள். இழுத்துக்கொண்டு ஓடாமல், கயிற்றை நீளமாக விட்டு, அது நின்ற இடத்தில் நீங்களும் நின்றால் போதும். பாரிவாக்கத்தில் இதற்கு வசதி அதிகம். பக்கத்துக்குப் பக்கம் லேஅவுட்; லேஅவுட்டுக்கு நூறு மனைக்கல். ஒவ்வொரு கல்லும் சாந்திக்கு ஒரு சார்பதிவாளர் அலுவலகம். யார் வந்தது, எப்போது வந்தது, முன்னாடி யார் அனுபவத்தில் இருந்தது, வில்லங்கம் ஏதும் உண்டா என்று அடி முதல் நுனி வரை பார்ப்பாள். சில கற்களுக்கு மூன்று நிமிடம். திருப்தி ஏற்பட்டால் தன் பங்குக்கு ஒரு பத்திரம் பதிந்துவிட்டு நகர்வாள். நாற்பது நிமிடத்தில் நாங்கள் தாண்டுவது இரண்டு தெருதான். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக்குக் கீழே நாலு காலையும் நீட்டிப் படுத்தாள் என்றால் பத்து மணி வரை அசைவில்லை.

மழைநாளில்? பழைய துண்டு ஒன்றில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளை வைத்து ஏழெட்டு முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். கால் மணி நேரம் உங்களுடையது. துண்டையும் தின்கிற வகை என்றால் பக்கத்திலேயே உட்காருங்கள். அப்படியானால் கால் மணி நேரமும் உங்களுடையது இல்லை.

சோறு பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரியாணிக் கடை எலும்பைக் கொண்டுவந்து கொட்டுகிற அன்பர்கள் கவனிக்க: வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்.

ஏரிக்கரைக்குப் போனால் உண்ணி வரும். எருமை முதுகில் உட்கார்ந்து உண்ணிக்கொக்கு செய்கிற வேலையைத் தினமும் மாலையில் நான் சாந்திக்குச் செய்கிறேன். காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடியில், முக்கியமாக விரலிடுக்கு. அங்கே மிளகு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சிமிழ் ஒன்றில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் போடுவேன். வீட்டில் வேறு யாரும் என் அருகில் உட்கார மாட்டார்கள். நாள் முழுக்கச் சுற்றும் சாந்தி, அந்த இருபது நிமிடம் மட்டும் என் மடியில் காலைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

இனி, ஆலோசனை சொல்பவர்களைச் சமாளிப்பது. இவர்கள் உண்ணியைவிட எண்ணிக்கையில் அதிகம்; சோப்புத் தண்ணீரில் போடவும் முடியாது. “மூக்குல ஒண்ணு போடுங்க” என்பார் ஒருவர். போட்டால் உங்கள் கையைக் கண்டால் ஒதுங்கக் கற்றுக்கொள்ளும், சோபாவை விடாது. “கட்டியே போடுங்க” என்பார் இன்னொருவர். கட்டிப்போட்ட நாய் ராத்திரி முழுக்கக் குரைக்கும். அப்போது முதலில் புகார் சொல்வதும் அவராகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதுதான் உச்சம்: “ஒரு தடவை குட்டி போட்டா எல்லாம் அடங்கிடும்பா. ஒரு கால்கட்டு போட்டுடு.” இதே வைத்தியத்தைத்தான் தன் பேரனுக்கும் செய்தார். பேரன் அடங்கவில்லை, இப்போது அந்த வீட்டில் இரண்டு பேர் அழுகிறார்கள்.

கால்கட்டுக்குப் பதில் கருத்தடை. கொன்று பார்த்தும் தெருநாய் குறையாததால், 1996ல் சென்னை மாநகராட்சி ப்ளூ கிராஸோடு சேர்ந்து இந்த வழிக்கு வந்தது. சாந்தியை ஆட்டோவில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு நேராக வேப்பேரிக்கு, 1903ல் தொடங்கிய அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். பத்து நாள் குதிக்கக் கூடாது என்றார்கள். நானும் தலையாட்டினேன், ஏதோ அது என் கையில் இருப்பதுபோல. ஆபரேஷன் செய்தால் துறுதுறுப்பு போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பதினோராம் நாள் காம்பவுண்டு சுவர்மேல் நின்றாள்.

கடி பற்றி மட்டும் விளையாட்டாக எழுத முடியாது. குட்டியாக இருந்தபோது, தடுப்பூசி போடும் முன்பே, என் கட்டைவிரலில் பல் பதித்துவிட்டாள். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனேன். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை ஊசி. “எந்த நாய் கடிச்சது?” என்று நர்ஸ் கேட்டார். “எங்க வீட்டு நாய்தாங்க.” சீட்டில் எழுதிக்கொண்டே, “அப்ப இன்னும் வருவீங்க” என்றார். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. இதில் வீட்டுவைத்தியம், மஞ்சள், மிளகாய்ப்பொடி எல்லாம் வேண்டாம். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் ஊசி, பிறகு வருடா வருடம். தெருவில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அந்தப் பதினோரு நாளும் எங்கள் தெரு வாட்சப் குழுவில் நடந்த போரில் யார் யாருடைய காலைப் பிடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நான் ஒரு பதிலும் போடவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சாந்தியை வெளியே கூட்டிப்போவதை நிறுத்தினேன். பயப்படுகிற குழந்தையிடம் “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்வதைவிட அது மேல்.

தீபாவளி தனி அத்தியாயம். லாரிக்குப் பயப்படாதவள், எருமையை எதிர்த்து நிற்பவள், முதல் லட்சுமி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நம் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது நாற்பத்தைந்தாயிரம் வரை போகும். அரசாங்கம் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்றுதான் அனுமதித்திருக்கிறது. அந்த அட்டவணையைத் தெருவில் தெரிந்து வைத்திருப்பது நானும் சாந்தியும் மட்டும்தான். கதவு ஜன்னலைச் சாத்தி, மிக்ஸியில் ஏதாவது அரைத்துக்கொண்டே இருங்கள். போன தீபாவளிக்கு ஒரு வருடத்துக்கான இட்லிப்பொடி தயார்.

இவ்வளவையும் படித்த பிறகும் நாய் வேண்டும் என்று தோன்றுகிறதா? அந்த எம்சாண்ட் குவியல் இருந்த இடத்தில் இப்போது கடை கட்டுகிறார்கள். அதன் படிக்கட்டுக்குக் கீழே போன வாரம் குட்டிகள் போட்டிருக்கிறது ஒரு செவலை. ஐந்தில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. மீதி மூன்றைப் பார்க்க விடியற்காலை நாலே முக்காலுக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். நாங்கள் அங்கேதான் இருப்போம். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரவும்.