நாடகப் போட்டிக்கு ஒரு மாறுவேடம் வேண்டும்

அனுப்புநர்:
ரவுண்ட் ராக் (டெக்சஸ்) தமிழ்ப் பெற்றோர் சார்பில், அவர்களில் ஒருவர்.

பெறுநர்:
யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் (யூ.ஐ.எல்.) நிர்வாகத்தார்,
ஆஸ்டின், டெக்சஸ்.

பொருள்: ஓரங்க நாடகப் போட்டியை நுழைவுத் தேர்வு போல் தோன்றும்படி மாற்றியமைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

1910 முதல் டெக்சஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்திவரும் தங்கள் அமைப்பின் மீது எங்களுக்குத் தனி மரியாதை உண்டு. நம்பர் சென்ஸ், கால்குலேட்டர், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஸ்பெல்லிங் என்று எங்கள் பிள்ளைகள் உங்களிடம் வாங்கிய மெடல்கள் வரவேற்பறையில் நடராஜர் சிலைக்குப் பக்கத்தில்தான் தொங்குகின்றன. வீட்டில் ஆட அனுமதி பெற்றவர் நடராஜர் ஒருவர்தான்.

அதே யூ.ஐ.எல். 1927 முதல் ஓரங்க நாடகப் போட்டியும் நடத்துகிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அதில் கலந்துகொள்கின்றன என்ற செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அண்மையில்தான் எட்டியது. கணக்கும் கூத்தும் ஒரே கூரையின் கீழா என்று இரவு ஒன்றரை மணி வரை விவாதம் நடந்தது.

நாங்கள் நடிப்புக்கு எதிரிகள் அல்ல. நடித்தவர்களைக் கோட்டைக்கே அனுப்பி வைத்தவர்கள். இங்கேயும் பொங்கல் விழா வந்தால் ஐந்து வயதுப் பையனுக்குக் கண்மையால் மீசை வரைந்து, கையில் அட்டைக் கத்தி கொடுத்து, கட்டபொம்மனாக மேடை ஏற்றுவோம். வசனம் மறந்தால் கீழே நின்று நாங்களே உதட்டசைத்து எடுத்துக்கொடுப்போம். அதே பையன் பதினைந்து வயதில், “நான் நடிக்கலாம்னு இருக்கேன்ப்பா” என்றால் மட்டும் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஐந்தில் கலை, பதினைந்தில் கவலை.

பிள்ளைகளை மேடைக்கு அனுப்புவது எங்களுக்குப் புதிதும் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை தொடங்கினார். எம்.ஜி.ஆர். சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்துக் குடியரசுத் தலைவர் பதக்கம் வாங்கிய கமல்ஹாசன்கூட, அதற்குப் பிறகுதான் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் போய்த் தொழில் கற்றார். ஜெயலலிதா மேலே படிக்க ஆசைப்பட்டவர். சினிமாவுக்கு அனுப்பியவர் தாயார். 1965இல் ‘வெண்ணிற ஆடை’ வெளிவந்தபோது அவருக்கு வயது 17. ஆக, படிக்கிறேன் என்ற பிள்ளையை நடிக்க அனுப்பியதும் தமிழ்ப் பெற்றோர்தான். நடிக்கிறேன் என்ற பிள்ளையைப் படிக்க அனுப்புவதும் தமிழ்ப் பெற்றோர்தான். பிள்ளையைக் கேட்கும் வழக்கம் மட்டும் எக்காலத்திலும் இருந்ததில்லை.

இப்போது எங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம் வேண்டுமானால் பிள்ளை வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் வரவேண்டும். கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடம் எடுத்தால் கூடுதல் மதிப்பு. நாடக வகுப்புக்கு அது கிடையாது. ஆகவே நாடகம் என்பது எங்கள் கண்ணுக்குக் கலையாகத் தெரிவதில்லை. மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ.யின் தசமப் புள்ளிக்குப் பின்னால் விழுகிற ஓட்டையாகத்தான் தெரிகிறது.

ஆனால் உங்கள் விதிமுறைகளைப் படித்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நாடகம் 18 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 40 நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். மேடைப் பொருள்களை அடுக்க 7 நிமிடம், அகற்ற 7 நிமிடம். மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை படிப்படியாக வடிகட்டல். போட்டி முடிந்ததும் நடுவர் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு குறையாகச் சொல்கிறார். அது நாங்கள் வீட்டில் நாள்தோறும் இலவசமாகச் செய்கிற சேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1984இல் டெக்சஸ் கொண்டுவந்த ‘நோ பாஸ், நோ ப்ளே’ சட்டம்: பாடத்தில் 70க்குக் கீழே போனால் மேடையும் கிடையாது. எங்கள் வீடுகளில் 70 வாங்கிய அன்று நாடகத்துக்குத் தனியாக மேடை தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு கறாரான ஒன்றை நாடகம் என்று அழைத்து வீணடிக்கலாமா? எனவே பணிவான கோரிக்கைகள்:

ஒன்று. போட்டியின் பெயரை ‘அட்வான்ஸ்டு அப்ளைடு ஹியூமன் பிஹேவியர், லெவல் த்ரீ’ என்று மாற்றவும். ஆடிஷனை என்ட்ரன்ஸ் என்றும் ஒத்திகையைக் கோச்சிங் என்றும் குறிப்பிடவும். மறுநாளே பெற்றோர் வரிசையில் நிற்பார்கள்.

இரண்டு. ‘ஆல் ஸ்டார் காஸ்ட்’ விருதோடு பெர்சென்டைலும் தரவும். அழுகைக் காட்சியில் 98.6 என்றால் ஊருக்குப் போன் போட்டுச் சொல்ல வசதியாக இருக்கும். லைட் போர்டு இயக்கும் பிள்ளைக்கு ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’ என்று சான்றிதழ் கொடுத்தால் ரொம்பப் புண்ணியம்.

மூன்று. பெற்றோருக்கு ஒரு பயிற்சி வகுப்பு. இது அவசரம். ஆடிஷன் என்பது இப்போது பெரும்பாலும் செல்ஃப் டேப். போனைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, வெறும் சுவருக்கு முன்னால் பிள்ளை நடிக்க, எதிர்வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் ஒருவர் படிக்கவேண்டும். எங்கள் வீடுகளில் அந்தப் பொறுப்பு அப்பாவுக்கு. மகள் கண் கலங்க, “ஏன் எங்களை விட்டுட்டுப் போனீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். அப்பா, காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நிலவரம் சொல்லும் அதே குரலில், “ஐ ஹேட் நோ சாய்ஸ்” என்கிறார். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. அம்மா அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்துவதும் பதிவாகிறது.

இப்படித்தான் 2019இல் நடிகை மிண்டி கேலிங் குழுவினர் ஒரு தொடரின் நாயகி வேடத்துக்குப் பொது அழைப்பு விட்டபோது சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருவர் கனடாவின் மிசிசாகாவில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். வயது 17; அனுபவம், பள்ளி நாடகங்கள். வீடியோவை உள்ளூர் நூலகத்தில் எடுத்து அனுப்பினார். 2020இல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் நாயகி ஆனார். நூலகத்தில் குக்கர் கிடையாது என்பதைப் பெற்றோர் கவனிக்கவும். மற்றவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அங்கே மேடை அப்படியேதான் இருந்தது.

அதே வகுப்பில் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். ஹெட்ஷாட் என்றால் வரன் பார்க்க அனுப்பும் போட்டோ அல்ல; நகையும் பூவும் வேண்டாம், பிள்ளையின் முகம் போதும். நேர்மையான ஏஜென்ட், பிள்ளை சம்பாதித்த பிறகுதான் அதில் வழக்கமாகப் பத்து சதவீதம் எடுப்பார். ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டு, “உங்கள் பிள்ளைக்கு ஸ்டார் முகம்” என்று முன்பணம் கேட்பவர் ஏஜென்ட் அல்ல. ஹெச்.ஈ.பி. கடையில் கத்தரிக்காயைக் கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் எங்கள் ஆட்கள் இங்கே மட்டும் கிரெடிட் கார்டை முதலில் நீட்டிவிடுகிறார்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் அனுமதி வேண்டும். வேலை செய்ய அனுமதியில்லாத எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு நடிக்கவே முடியாது. பள்ளி மேடை விசா கேட்பதில்லை.

இதில் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருங்கள். இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் ‘பாய்ஹுட்’ (2014) படத்துக்காக ஒரு சிறுவனைப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர வளரப் படம் பிடித்தது இதே டெக்சஸில்தான். 2025இல் டெக்சஸ் சட்டமன்றம் திரைத்துறை ஊக்கத்தொகைக்குப் பத்தாண்டுகளில் 150 கோடி டாலர் ஒதுக்கியது. 150 கோடி என்ற சொல்லை எங்கள் கூட்டத்தில் சற்று உரக்கச் சொல்லவும்.

எங்கள் ஊரே நடிப்புக்குக் கைதட்டுகிற ஊர்தான். 1878 ஜூலையில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்த சாம் பாஸ் ரவுண்ட் ராக்கில் சுடப்பட்டான். அந்தத் துப்பாக்கிச் சண்டையை இங்கே ஜூலை 4 விழாவில் நடித்துக் காட்டியிருக்கிறார்கள். நாங்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறோம். கொள்ளைக்காரனாக வந்தவர் என்ன ஜி.பி.ஏ. என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

மேற்கண்ட கோரிக்கைகளைத் தங்களால் ஏற்க முடியாது என்று தெரியும். மாறவேண்டியது போட்டியின் பெயர் அல்ல என்றும் தெரியும். எனவே இந்தக் கடிதத்தின் நகலை உரியவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எதிர்வசனம் படிக்கும் அப்பா.

நகல்: வாட்ஸ்அப் குழுப் பெற்றோர் அனைவருக்கும். டெக்சஸில் ஹைஸ்கூல் முடிக்க ஒரு ஃபைன் ஆர்ட்ஸ் கிரெடிட் கட்டாயம். நாடக வகுப்பும் அதில் சேர்த்தி. பாடத் தேர்வுப் படிவம் வரும்போது முதலில் பிள்ளையைக் கேளுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.